வண்டிக்குள் ஒரு டிராயர்: ஆர்.வி. ஸ்லைடு-அவுட்டைப் பேணுவதும் பழுது பார்ப்பதும்

பழைய மர மேசையின் பெரிய டிராயர் ஒன்றை, ஒரு ஓரத்தை மட்டும் பிடித்து இழுத்துப் பாருங்கள். பாதி வந்ததும் கோணிக்கொண்டு நின்றுவிடும். பலம் போட்டால் இன்னும் இறுகும். உள்ளே தள்ளிவிட்டு, இரண்டு ஓரத்தையும் சமமாகப் பிடித்து இழுத்தால் சத்தமில்லாமல் வெளியே வரும். ஆர்.வி.யில் இருக்கும் ஸ்லைடு-அவுட்டும் இதே டிராயர்தான். என்ன, இதற்குள் சோபாவும் சாப்பாட்டு மேசையும், சில வண்டிகளில் ஃபிரிட்ஜும்கூட உட்கார்ந்திருக்கும். இழுப்பது உங்கள் கை அல்ல, 12 வோல்ட் மோட்டார்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் விடுமுறைக்குக் கிளம்பும்போது வீட்டையே கூட்டிக்கொண்டு போகிறவர்கள் ஏராளம். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் கொண்ட வண்டி அது. தானே ஓடினால் மோட்டார்ஹோம், பிக்கப் டிரக்கின் பின்னால் மாட்டி இழுத்தால் டிரெய்லர். இரண்டுக்கும் பொதுப்பெயர் ஆர்.வி. சாலையில் போக வேண்டிய வண்டி என்பதால் அகலத்துக்கு வரம்பு உண்டு. பெரும்பாலான மாநிலங்களில் 102 அங்குலம், அதாவது எட்டரை அடி. அதில் சுவர்க் கனம் போக, அலமாரி போக, மிஞ்சும் இடத்தில் எதிரெதிரே இரண்டு பேர் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். அதனால்தான் சுவரின் ஒரு பகுதியையே பெட்டிபோலச் செய்து, வண்டியை நிறுத்திய பிறகு வெளியே தள்ளிக்கொள்கிறார்கள். இரண்டு மூன்று அடி வெளியே போனாலே உள்ளே ஒரு கூடம் கிடைத்துவிடுகிறது. இதை 1990இல் ஆர்.வி. சந்தைக்குக் கொண்டுவந்த பெருமையை இண்டியானா மாநிலத்து நப்பானி ஊரில் இருக்கும் நியூமார் நிறுவனத்துக்குக் கொடுப்பது வழக்கம். இன்று நடுத்தர டிரெய்லரில்கூட ஒன்றாவது இருக்கும். பெரிய வண்டிகளில் நான்கு.

நான் மெக்கானிக் அல்ல. ஏழு வருடமாக ஒரு டிரெய்லரை இழுத்துக்கொண்டு திரிகிறவன், அவ்வளவுதான். ஸ்லைடு நகராமல் நின்றால் எல்லோரும் முதலில் மோட்டாரைத்தான் சந்தேகப்படுகிறார்கள். நான் பார்த்தவரை, மோட்டார் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய ஆள். அதற்கு முன்னால் வரிசையில் நிற்பவை பேட்டரி, கோணல், தண்ணீர்.

எந்த வகை என்று முதலில் பாருங்கள்

ஸ்லைடை முழுக்க வெளியே தள்ளிவிட்டு, வண்டிக்கு வெளியே வந்து குனிந்து பாருங்கள். அடியில் தடித்த இரும்புச் சட்டங்கள் நீட்டிக்கொண்டிருந்து அவற்றில் பல் வெட்டியிருந்தால், அது ரேக் அண்ட் பினியன் வகை. ஒரு மோட்டார் ஒரு குறுக்குத் தண்டைச் சுற்றும், தண்டின் இரு முனையிலும் உள்ள பல்சக்கரங்கள் அந்தச் சட்டங்களை நகர்த்தும். தண்டு ஒன்றே என்பதால் இரண்டு ஓரமும் தாமாகவே சேர்ந்து போகும். கனமான, முரட்டுத்தனமான அமைப்பு. எனக்குப் பிடித்ததும் இதுதான்.

அடியில் ஒன்றும் தெரியாமல், பெட்டியின் இரண்டு பக்கச் சுவர்களிலும் மேலே ஒன்று கீழே ஒன்று என்று அலுமினியப் பல்சட்டம் ஓடினால், அது ‘ஷ்விண்டெக்’ என்று எல்லோரும் சொல்லும் வகை. லிப்பர்ட் நிறுவனம் செய்வது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்ன மோட்டார்கள், அவற்றை இணைக்கத் தண்டு எதுவும் கிடையாது. ஒவ்வொரு மோட்டாரும் எவ்வளவு சுற்றியது என்று சென்சார் எண்ணிச் சொல்ல, ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி இரண்டையும் ஒத்துப்போக வைக்கிறது. டிராயரின் ஆளுக்கொரு ஓரத்தை இரண்டு பேர் பிடித்திருக்க, மூன்றாவது ஆள் தாளம் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடையும் இடமும் மிச்சம் என்பதால் வண்டி செய்கிறவர்களுக்கு இது பிடிக்கும். தாளம் தப்புவதும் இதில்தான் அதிகம்.

நான்கு மூலையிலும் மெல்லிய எஃகு வடம் தெரிந்தால் அது கேபிள் வகை. ஒரே மோட்டார், சங்கிலி, கப்பிகள். பெரிய மோட்டார்ஹோம்களிலும், டிரக்கின் பின்தொட்டிக்குள் மாட்டி இழுக்கும் ஃபிஃப்த் வீல் டிரெய்லர்களிலும் ஹைட்ராலிக் வகை உண்டு, அங்கே பம்பு எண்ணெயை அழுத்தி அறையைத் தள்ளும். எந்த வகை என்று தெரியாமல் இணையத்தில் யாரோ சொன்ன வைத்தியத்தைச் செய்வதுதான் பல வண்டிகளுக்கு வந்த நோய்.

பேட்டரி செய்த வேலை

இரண்டாவது வருட அக்டோபரில் வர்ஜீனியாவின் ஷெனண்டோவா தேசியப் பூங்காவுக்குப் போயிருந்தோம். பிக் மெடோஸ் முகாமில் தங்கல். அங்கே வண்டிக்கு மின் இணைப்பு கிடையாது, எல்லாம் பேட்டரிதான். மலைக்குளிர். இரவு முழுக்க ஹீட்டர் ஓடியது. ஹீட்டர் எரிவது கேஸில் என்றாலும், அதன் விசிறி பேட்டரியில் ஓடுகிறது என்பது அன்று என் மண்டைக்குள் இல்லை. காலையில் கிளம்பும்போது பொத்தானை அழுத்தினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், ஸ்லைடு நான்கு விரல் அளவு உள்ளே வந்து நின்றுவிட்டது. விளக்கெல்லாம் பளிச்சென்று எரிகிறதே, பேட்டரியில் என்ன குறை, மோட்டார்தான் போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். பக்கத்து இடத்தில் இருந்த பெரியவர் ஒருவர் மீட்டரோடு வந்து பேட்டரி முனையில் வைத்தார். 11.6 வோல்ட். என் டிரக்கை அருகே கொண்டுவந்து ஜம்பர் கேபிள் மாட்டி, என்ஜினைக் கால் மணி நேரம் ஓடவிட்டார். அப்புறம் பொத்தானை அழுத்தினால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்லைடு உள்ளே போய்விட்டது.

காரணம் எளிது. எல்.இ.டி. விளக்குக்குத் தேவைப்படும் மின்சாரம் துளி. ஒரு அறையையே தள்ளும் மோட்டாருக்கோ அள்ளிக் கொடுக்க வேண்டும். சோர்ந்த பேட்டரி துளியைக் கொடுக்கும், அள்ளிக் கொடுக்காது. ஈய-அமில பேட்டரி முழுசாக நிறைந்திருந்தால் ஓய்வில் 12.6 வோல்ட் அல்லது சற்று மேலே காட்டும். 12க்கு இறங்கிவிட்டால் பாதிக்குமேல் தீர்ந்துவிட்டது என்று பொருள். ஓய்வில் அளப்பதோடு நிறுத்தாதீர்கள். ஒருவர் பொத்தானை அழுத்த, இன்னொருவர் அதே நேரம் அளக்க வேண்டும். அப்போது 10, 9 என்று சரிந்தால் பேட்டரி பலவீனம். பேட்டரியில் 12.4 நிற்க, மோட்டார் முனையில் மட்டும் குறைந்தால், வழியில் ஏதோ ஓர் இணைப்பு துருப்பிடித்திருக்கிறது. பெரும்பாலும் அது எதிர்முனை வயர் வண்டிச் சட்டத்தில் நட்டோடு மாட்டியிருக்கும் இடம். கழற்றி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடி முறுக்கினால் சரியாகிவிடும். செலவு சைபர்.

குறைந்த வோல்ட்டேஜில் மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டே இருப்பது மோட்டாரைச் சூடாக்கும். ஷ்விண்டெக்கில் இன்னொரு கெடுதலும் உண்டு. இரண்டு மோட்டாரில் ஒன்று சற்று முன்னே, ஒன்று சற்று பின்னே நின்று, அறை கோணிக்கொள்ளும். அதனால் என் வழக்கம் இது: முகாமில் மின் இணைப்பு இருந்தால் முதலில் அதை மாட்டு, பிறகு ஸ்லைடைத் தொடு. இணைப்பு இல்லாத இடமென்றால் டிரக்கின் என்ஜின் ஓடட்டும்.

மின்சாரப் பக்கம் இன்னும் இரண்டு அற்பக் காரணங்கள் உண்டு. பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்ச் அணைந்திருப்பது ஒன்று, ஃபியூஸ் போயிருப்பது இன்னொன்று. மோட்டார்ஹோமில் ஹேண்ட் பிரேக் போடாவிட்டாலோ சாவி தவறான நிலையில் இருந்தாலோ ஸ்லைடு நகராதபடி பூட்டு வைத்திருப்பார்கள், அதுவும் பழுது போலவே நடிக்கும்.

கோணாமல் நகர்த்துவது

வண்டியைச் சமதளமாக நிறுத்திய பிறகே ஸ்லைடைத் தள்ளுங்கள். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அறையின் எடை முழுக்க ஒரு பக்கத்துப் பல்லில் விழும். பொத்தானை அழுத்துவதற்கு முன் வெளியே ஒருவர் நிற்க வேண்டும். மின் கம்பமும் மரமும் குறைந்தது நான்கடி தள்ளி இருக்கின்றனவா என்று அவர் பார்க்க வேண்டும். உள்ளே அலமாரிக் கதவு திறந்திருக்கிறதா, பாதையில் செருப்பு கிடக்கிறதா என்று இன்னொருவர் பார்க்க வேண்டும். சிரிக்காதீர்கள், ஒரு ஒற்றைச் செருப்பு எங்கள் தரையில் போட்ட கீறல் இன்னும் இருக்கிறது.

பொத்தானை அழுத்தினால் முடிவுவரை அழுத்துங்கள். பாதியில் நிறுத்தி, கொஞ்சம் உள்ளே, கொஞ்சம் வெளியே என்று விளையாட வேண்டாம். ஷ்விண்டெக்கில், அறை நின்ற பிறகும் மோட்டார்கள் தாமாக ஓயும்வரை மூன்று நான்கு நொடி கையை எடுக்காமல் இருக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் இரண்டு மோட்டாரும் முடிவைத் தொட்டு, எண்ணிக்கையைப் புதிதாகத் தொடங்கிக்கொள்கின்றன. அறை நின்றவுடன் கையை எடுப்பவர்களின் வண்டிகளில் நாளடைவில் தாளம் தப்பும். அறை ஏற்கெனவே லேசாகக் கோணியிருந்தால், முழுக்க வெளியே தள்ளி இதையே செய்தாலே பல தடவை நேராகிவிடும்.

காதையும் பழக்குங்கள். நல்ல நிலையில் உங்கள் ஸ்லைடு எந்தச் சத்தத்தோடு, எத்தனை நொடியில் போகிறது என்று ஒருமுறை கைபேசியில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு நாள் அது முனகினாலோ, இரண்டு நொடி தாமதித்தாலோ உடனே தெரியும்.

அடியில் ஜாக்கியோ கட்டையோ முட்டுக் கொடுக்கலாமா என்று புதிதாக வாங்கியவர்கள் எல்லோரும் கேட்பார்கள். கையேடு சொன்னால் ஒழிய வேண்டாம். உள்ளே ஆட்கள் நடமாட வண்டி ஸ்பிரிங்கில் கொஞ்சம் இறங்கும். முட்டு மட்டும் இறங்காமல் நின்று ஸ்லைடை மேலே நெம்பும். பிறகு கோணலுக்குக் கேட்கவா வேண்டும்?

ரப்பரும் தண்ணீரும்

மோட்டார் போனால் மாற்றிவிடலாம். தண்ணீர் புகுந்து தரை ஊறிப்போனால்தான் உண்மையான செலவு. ஸ்லைடின் தரை பெரும்பாலும் மரச்சில்லுகளை அழுத்திச் செய்த பலகை. ஒருமுறை ஊறினால் உப்பும், பிறகு அவல்போல் உதிரும்.

அறையைச் சுற்றி இரண்டு விதமான ரப்பர் பட்டைகள் இருக்கும். குழாய்போல் உருண்டிருப்பது அழுத்தத்தில் நசுங்கி இடுக்கை அடைக்கும். தட்டையாக நாக்குபோல் இருப்பது, அறை நகரும்போது மேலே உள்ள தண்ணீரையும் தூசியையும் கண்ணாடி வைப்பர் மாதிரி வழித்துவிடும். ஸ்லைடை உள்ளே இழுத்த பிறகு இந்த நாக்கு எல்லா இடத்திலும் ஒரே திசையில் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மூலையில் உட்புறமாகச் சுருண்டிருந்தால் மழை அந்த வழியாகத்தான் உள்ளே வரும். கைவிரலால் எடுத்துவிட்டாலே போதும்.

மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை லேசான சோப்புத் தண்ணீரில் துடைத்து, காயவிட்டு, ரப்பருக்கென்று விற்கும் பாதுகாப்பு ஸ்பிரேயைத் தடவுங்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்கு இது ரொம்ப முக்கியம். பெட்ரோலியம் கலந்த கிரீஸ், வாசலின் வேண்டவே வேண்டாம், ரப்பர் உப்பிக் கொழகொழத்துவிடும். அடைப்பு சரியாக இருக்கிறதா என்று சோதிக்க ஒரு காகிதம் போதும். குழாய் ரப்பருக்கும் சுவருக்கும் நடுவே வைத்து ஸ்லைடை மூடி, காகிதத்தை இழுத்துப் பாருங்கள். பிடித்துக்கொண்டே வந்தால் நல்லது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் தளர்ந்துவிட்டது.

உள்ளே இழுப்பதற்கு முன் ஸ்லைடின் கூரையைப் பாருங்கள். பைன் மர ஊசி இலைகளும் சருகும் குச்சியும் கிடந்தால், ரப்பர் அவற்றை வழிக்க முயன்று தானே கிழியும், இல்லாவிட்டால் அவை உள்ளே போய்ப் பாதையில் சிக்கும். ஏணி வைத்துப் பெருக்கிவிடுங்கள். பலர் ஸ்லைடுக்கு மேலே டாப்பர் என்ற துணிக்கூரை போட்டுக்கொள்கிறார்கள். சருகுக்கு அது நல்ல தீர்வு. மழைநீர் நடுவில் குளம் கட்டினால் மட்டும் முதலில் வடியவிட வேண்டும். குளிர்காலத்தில் பனி உறைந்து ரப்பர் சுவரோடு ஒட்டியிருந்தால் பொத்தானைத் தொடாதீர்கள். உள்ளே ஹீட்டரைப் போட்டுவிட்டு ஒரு காபி குடியுங்கள், தானாக விடும்.

தரை ஊறியிருக்கிறதா என்று எப்படித் தெரியும்? உள்ளே ஸ்லைடின் வெளி ஓரமாக வெறுங்காலால் அழுத்தி நடந்து பாருங்கள். வெளியே அடிப்பக்க மூலைகளில் ஸ்குரூ டிரைவர் முனையால் லேசாகக் குத்திப் பாருங்கள். மரம் டக் டக்கென்றால் பயமில்லை. முனை உள்ளே இறங்கினால் உடனே ஆளைக் கூப்பிட வேண்டியதுதான். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள், விற்பவர் என்ன சொன்னாலும், இந்தச் சோதனையைச் செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள்.

எண்ணெய் விஷயத்தில் கை நீளக் கூடாது

பல்சக்கரம் என்றாலே கிரீஸ் அப்ப வேண்டும் என்பது சைக்கிள் காலத்துப் பழக்கம். ஸ்லைடின் பல்சட்டம் வண்டிக்கு அடியில், சாலைப் புழுதிக்கு நடுவே இருக்கிறது. அங்கே கிரீஸ் தடவினால் மண்ணோடு சேர்ந்து உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். முதலில் தூரிகையால் மண்ணைத் தட்டி, பிறகு காய்ந்து படலமாக நிற்கும் உலர் மசகு ஸ்பிரேயை மெல்லியதாக அடித்து, ஸ்லைடை இரண்டு முறை உள்ளும் வெளியும் ஓட்டினால் போதும். வருடத்துக்கு இரண்டு தடவை, தூசி அதிகமான இடங்களுக்குப் போனால் இன்னும் ஒரு தடவை. கேபிள் வகையில் வடத்துக்கு எண்ணெய் போடுவதைவிட, நூல் பிரிந்திருக்கிறதா, ஒரு மூலை மட்டும் தொய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். தொய்வை நட்டால் சரிசெய்யலாம், பிரிந்த வடத்தை மாற்றத்தான் வேண்டும். ஹைட்ராலிக்கில் எண்ணெய் அளவைப் பார்க்கும்போது எல்லா ஸ்லைடும் ஜாக்கிகளும் உள்ளே இருக்க வேண்டும். வெளியே தள்ளிவிட்டுப் பார்த்தால் தொட்டியில் குறைவாகத் தெரியும். அதை நம்பி ஊற்றினால், மூடும்போது பொங்கி வழியும்.

வழியில் சிக்கிக்கொண்டால்

சரி, பேட்டரி நன்றாக இருக்கிறது, பாதையில் தடையில்லை, ஆனாலும் நகரவில்லை. இப்போது சத்தத்தைக் கேளுங்கள். ஒன்றுமே கேட்கவில்லை என்றால் மின்சாரம் மோட்டாரை எட்டவில்லை: ஃபியூஸ், சுவிட்ச், இணைப்பு. ‘டக்’ மட்டும் கேட்டால், மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலே வேலை செய்கிறது, பின்னால் வர வேண்டிய மின்சாரம் போதவில்லை. மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டும் அறை நகரவில்லை என்றால், தண்டை இணைக்கும் போல்ட்டோ பின்னோ அறுந்திருக்கும், அல்லது பல் தேய்ந்திருக்கும். மோட்டாரைக் காக்கத் தானே உடையும்படி சில இடங்களில் மெலிந்த பின்னைத்தான் போட்டிருப்பார்கள், அதை மாற்றினாலே வேலை முடிந்தது. ஒரு ஓரம் மட்டும் போனால் கோணல், உடனே நிறுத்துங்கள். ஷ்விண்டெக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் சின்ன விளக்குகள் சிமிட்டும். எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணிக் கையேட்டில் பார்த்தால், பேட்டரியா, மோட்டாரா, சென்சாரா என்று அதுவே சொல்லிவிடும்.

காரணம் பிறகு தெரியட்டும், இப்போதைக்கு அறை உள்ளே வந்தால் போதும் என்ற நிலைமைக்கு ஒவ்வொரு வகையிலும் ஒரு கைவழி உண்டு. லிப்பர்ட்டின் ஷ்விண்டெக் பெட்டியில் ‘மோடு’ பொத்தானை ஆறு முறை வேகமாக அழுத்தி, ஏழாவது முறை ஐந்து நொடி விடாமல் பிடித்தால் விளக்குகள் சிமிட்டத் தொடங்கும். அதன்பின் வழக்கமான சுவர் சுவிட்சால் உள்ளே இழுக்கலாம். இப்போது தாளக்காரர் பணியில் இல்லை என்பதை மறக்க வேண்டாம். இரண்டு ஓரமும் சேர்ந்து வருகிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். ரேக் அண்ட் பினியனில், மோட்டார் பின்னால் உள்ள பிரேக் நெம்புகோலை விடுவித்து, சாக்கெட் மாட்டிய ராட்செட் ஸ்பானராலோ கைப்பிடி கிராங்க்காலோ சுற்றலாம். உள்ளே வந்ததும் பிரேக்கைத் திரும்பப் போட மறந்தால், நெடுஞ்சாலையில் ஒரு வளைவில் அறை தானாக வெளியே கிளம்பும். பல ஹைட்ராலிக் பம்புகளில் ஒரு வால்வைத் திருப்பிவிட்டு, சாதாரண பேட்டரி டிரில்லால் பம்பைச் சுற்ற வழியுண்டு.

பல்லுக்குப் பக்கத்தில் கை வைப்பதற்கு முன் மின்சாரத்தைத் துண்டியுங்கள். குழந்தைகள் சுவிட்ச் இருக்கும் பக்கமே இருக்க வேண்டாம். நகரும் ஸ்லைடுக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது. தரை ஊறியிருந்தாலோ, பல் உடைந்திருந்தாலோ, அறை கோணலாகவே சிக்கியிருந்தாலோ நீங்களே முயலாதீர்கள். முகாமுக்கே வந்து பழுது பார்க்கும் ஆர்.வி. மெக்கானிக்குகள் அமெரிக்கா முழுக்க இருக்கிறார்கள்.

இந்தக் கைவழியை முதன்முதலாக மழையில், இருட்டில், கையேட்டைத் தேடிக்கொண்டு கற்க வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே செய்து பாருங்கள். பிரேக் நெம்புகோல் எங்கே, எந்த அளவு சாக்கெட் பொருந்துகிறது, உள்ளே வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று எழுதி வையுங்கள். எங்கள் வண்டியில் அந்தத் துண்டுக் காகிதம் ஃபியூஸ் பெட்டிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறது, சாக்கெட் அதற்குக் கீழே ஒரு நூலில் தொங்குகிறது.